கிழிந்த வாலுக்கு எது மருந்து: தண்ணீரா, உப்பா, நீலமா?

சென்னைக் கொளத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த ஹாஃப்மூன் வகை ஃபைட்டர் மீன், வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் பாதி வாலோடு நின்றுகொண்டிருந்தது. முந்தின இரவு விளக்கை அணைக்கும்போது விசிறி மாதிரி விரிந்திருந்த வால். விடிந்து பார்த்தால் யாரோ ஒரு வாய் கடித்துவிட்டுப் போன தோசை போல இருந்தது. மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "நீல மருந்து நாலு சொட்டு விடுங்க சார்" என்றார். கீழ் வீட்டு அக்கா, "கல் உப்பு போடு தம்பி, சரியாயிடும்" என்றார். அலுவலக நண்பன் பாதாம் இலை என்றான். யூடியூபில் ஒருவர் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக் காட்டினார்.

நான் நான்கையும் ஒரே வாரத்தில் செய்தேன். மீன் பிழைத்துக்கொண்டது. என் வைத்தியத்தால் பிழைத்ததா, என் வைத்தியத்தைத் தாங்கிக்கொண்டு பிழைத்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று இன்றைக்குச் சொல்வேன். அதற்கப்புறம் வந்த ஃபைட்டர்கள், கப்பிகள், ஒரு கோல்ட் ஃபிஷ் ஆகியவற்றுக்கு வால் கிழிந்தபோது ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் செய்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் வாலின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம் எடுத்துவையுங்கள். மறுநாள் அதே இடத்தில் நின்று இன்னொன்று. இந்த இரண்டு படம் சொல்வதை எந்தக் கடைக்காரராலும் போனில் சொல்ல முடியாது.

ஓரம் வாலின் நிறத்திலேயே இருந்து, துணி கிழிந்தது போல நேராகப் பிளந்திருந்தால் அது வெறும் கிழிசல். பிளாஸ்டிக் செடி, கூரான கல், ஃபில்டர் உறிஞ்சும் குழாய், கூடவே விட்ட, வால் கடிக்கும் டைகர் பார்ப் மீன், இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். ஒரே இரவில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது, தொட்டியில் வேறு மீனும் இல்லை என்றால் மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. ஹாஃப்மூன், ரோஸ்டெயில் மாதிரி கனத்த வால்காரர்களிடம் இது சகஜம். ஓரம் கறுத்தோ சிவந்தோ, வெளுத்துப் பிசிறு பிசிறாகவோ இருந்து, நாளுக்கு நாள் உள்நோக்கி வந்தால் அது அழுகல். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. இவை எங்கிருந்தோ புதிதாக வந்து தொற்றுபவை அல்ல. எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். தண்ணீர் கெட்டு மீன் சோர்ந்த நேரம் பார்த்துக் கைவைக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு. என்னை ஏமாற்றியது அதுதான். ஐந்தாறு நாளில் கிழிந்த ஓரத்தில் கண்ணாடி மாதிரி, லேசாக வெள்ளையோடிய ஒரு மெல்லிய சவ்வு தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று நான் நீல மருந்தை இரட்டித்தேன். அது பூஞ்சை இல்லை. முளைத்துவரும் புது வால்.

மீனின் துடுப்பு நம் நகம் போல வெறுமனே நீளுவதில்லை. எலும்புக் கதிர், ரத்தக்குழாய், நரம்பு, தோல் எல்லாம் சேர்ந்து புதிதாக உருவாகிறது. ஆய்வுக்கூடங்களில் இதை அதிகம் பார்த்தது நம் கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த ஜீப்ரா மீனில். வாலை வெட்டினால் ஒரு நாளுக்குள் புதுத் தோல் காயத்தை மூடிவிடும். அதன் அடியில் செல்கள் திரண்டு ஒரு மொட்டு உண்டாகும். 28 டிகிரித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் வால் பெரும்பாலும் திரும்பிவிடும். இன்னொரு வேடிக்கை: நுனியில் வெட்டினால் மெதுவாக வளர்கிறது, அடியை ஒட்டி வெட்டினால் வேகமாக வளர்கிறது. எவ்வளவு போயிற்று என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஃபைட்டரின் நீண்ட வாலுக்கு இதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். சின்னக் கிழிசல் ஒன்றிரண்டு வாரம், பாதி வால் போனால் இரண்டு மாதம்கூட ஆகலாம். அழுகல் வாலைத் தின்றுவிட்டு உடம்பின் அடிச்சதையைத் தொட்டுவிட்டால் மட்டும் திரும்ப வளரும் என்று நம்ப முடியாது.

ஆக, வால் தானாகவே வளரும். நாம் தேர்ந்தெடுப்பது வளர்க்கும் மருந்தை அல்ல; வளரும் வரை அழுகல் வராமல் காப்பது எப்படி, அந்தக் காவலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான்.

முதல் வழி, தண்ணீர் மாற்றுவது. கேட்க வைத்தியமாகவே தோன்றாது. கடையில் விற்க முடியாத வழி என்பதால் யாரும் முதலில் சொல்வதும் இல்லை. ஆனால் சுத்தமான கிழிசலுக்கு இதைத் தாண்டி எதுவுமே தேவைப்பட்டதில்லை என்பதுதான் என் அனுபவம். ஃபில்டர் ஓடிப் பழகிய 25, 30 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்பங்கு. ஃபில்டர் இல்லாத சின்னக் கிண்ணமோ டப்பாவோ என்றால் தினமும் பாதி. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், வெப்பம் 26, 27 டிகிரியில் ஆடாமல் இருக்க வேண்டும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் இல்லாமலே இது கிடைத்துவிடும். மார்கழியில் மட்டும் பாருங்கள்.

அம்மோனியா விஷயத்தில் போர் தண்ணீர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, மற்றது நஞ்சு. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கும் தண்ணீரைவிட 8 ஆக இருக்கும் தண்ணீரில் அந்த நஞ்சு உருவத்தின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. கடினமான போர் தண்ணீர் பல வீடுகளில் 8 பக்கம்தான் நிற்கிறது. அதே கழிவு, அதே தொட்டி, ஆனால் அவர்கள் வீட்டு மீனுக்கு வால் அழுகலாம், மெட்ரோ குழாய்த் தண்ணீர்க்காரர் வீட்டு மீன் தப்பித்துவிடலாம். மெட்ரோ தண்ணீருக்கு வேறு தொல்லை, குளோரின். ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டுவிட்டு ஊற்றுங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் திறந்துவையுங்கள். வாளியில் வைத்தால் குளோரின் போகும்; குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் அது போகாது, அதற்குச் சொட்டுதான் வழி.

இந்த வழியின் குறை, பொறுமை. ஒரு வாரம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். அந்த ஒரு வாரத்தில்தான் கை சும்மா இருக்காமல் புட்டியைத் தேடும்.

இரண்டாவது, உப்பு. கீழ் வீட்டு அக்கா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் திரவம் வெளித் தண்ணீரைவிட உப்பானது, லிட்டருக்கு 9 கிராம் பக்கம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தோல் கிழிந்தால் கசிவு கூடும், வேலையும் கூடும். தொட்டியில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தச் சுமை குறைகிறது. நைட்ரைட் ஏறியிருக்கும் தொட்டியில் இன்னொரு பலன்: உப்பிலுள்ள குளோரைடு, செவுளுக்குள் நைட்ரைட் புகுவதைத் தடுக்கிறது. சில பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைக்கும் உப்பு பிடிக்காது. முக்கியமாக, கீழே சொல்லும் அளவு உப்பு, ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லாது.

அளவு என்று வந்தால் லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கலாம். அழுகல் தெரிந்தால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 3 கிராம் வரை போகலாம். பத்து லிட்டர் டப்பாவுக்கு 10 முதல் 30 கிராம். "ஒரு பிடி" என்பதை மறந்துவிடுங்கள். பிடி ஆளுக்கு ஆள் மாறும். சமையலறைத் தராசு இருந்தால் அதில் நிறுத்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். கல்லாகப் போட்டால் அது கரையுமிடத்தில் மீன் போய்ப் படும். அயோடின் உப்பு ஆகாது என்ற பயம் பெரிதுபடுத்தப்பட்டது. அதிலிருக்கும் அயோடின் மிகச் சொற்பம். வாசனையோ மசாலாவோ சேர்க்காத கல் உப்பாக இருந்தால் போதும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது உப்புச் சேர்க்கவே கூடாது. ஐந்து லிட்டரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் அந்த ஐந்து லிட்டருக்கு மட்டும் உப்பு. பத்துப் பதினான்கு நாளில் நிறுத்திவிட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். "எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பது ஃபைட்டருக்கு நல்லதில்லை. செடி, நத்தை, கோரிடோரஸ் கெளுத்தி இருக்கும் தொட்டியில் உப்பே போடாதீர்கள், மீனைத் தனியாக எடுத்துவிடுங்கள். அப்புறம், எப்சம் உப்பு என்பது வேறு சரக்கு. அது மலச்சிக்கலுக்கும் வீக்கத்துக்கும். வால் காயத்துக்கு அல்ல.

மூன்றாவது, பாதாம் இலை. நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து விழுந்த இலை. கடைகளில் கெட்டாபாங் என்ற பெயரில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். தெருமுனையிலும் பள்ளிக்கூடத்து வாசலிலும் சும்மா கொட்டிக் கிடக்கும் அதே இலைதான். ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. 2019இல் அந்த நாடு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல் வயல்களிலும் இலை மக்கிய பழுப்புத் தண்ணீரிலும் வாழ்ந்த மீன் என்பதால் தேநீர் நிறத் தண்ணீர் அதற்குப் பழக்கமானது. இலையிலிருந்து இறங்கும் டானினும் ஹியூமிக் அமிலமும் பாக்டீரியாவைச் சற்று அடக்கும். தண்ணீர் இருண்டு வெளிச்சம் மங்குவதால் மீனின் பதற்றம் குறைவது எனக்குக் கண்கூடாகத் தெரிந்திருக்கிறது. பத்து, பதினைந்து லிட்டருக்கு ஓர் இலை, மூன்று நான்கு வாரத்தில் மாற்றலாம். பச்சை இலை வேண்டாம், மருந்தடித்த தோட்டத்து இலை வேண்டாம், கழுவாமல் போட வேண்டாம். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எல்லாவற்றையும் அது உறிஞ்சிவிடும்; எடுத்துவிடுங்கள்.

இலை பி.எச்.ஐக் குறைக்கும் என்று சொல்வது மென்மையான தண்ணீருக்குத்தான் பொருந்தும். சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரில் நான் மூன்று இலை போட்டும் நிறம்தான் மாறியது, அளவு அசையவில்லை. இலையை மருந்தாக எண்ணக்கூடாது, படுக்கை விரிப்பாக எண்ணலாம். ஓடிக்கொண்டிருக்கும் அழுகலை இது நிறுத்தாது. தானே வாலைக் கடிக்கும் மீனுக்கு மட்டும் எல்லாவற்றையும்விட இதுதான் முதலில்.

நான்காவது, கடைக்காரரின் நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ. இது சாயம். பூஞ்சைக்கு நன்றாக வேலை செய்யும். முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் குஞ்சு பொரிப்பவர்கள் விடுவது இதைத்தான். வால் அழுகலோ பெரும்பாலும் பாக்டீரியா விவகாரம், அதன் மேல் நீலத்தின் பிடி தளர்வு. பஞ்சு பஞ்சாக உண்மையாகவே பூஞ்சை ஏறியிருக்கும் காயத்துக்கு இது சரி. வெறும் கிழிசலுக்கு வீண். விலையும் பெரிது: ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை இது கொன்றுவிடும். இரண்டு நாளில் அம்மோனியா ஏறும், ஏறிய அம்மோனியா வாலை அரிக்கும், வாலைப் பார்த்து இன்னும் நாலு சொட்டு விடுவோம். முதல் மீனுக்கு நான் ஒரு வாரம் ஓட்டிய சக்கரம் இதுதான். தொட்டியின் சிலிகான் ஒட்டுகள் இன்றும் வெளிர்நீலமாக இருக்கின்றன. விடுவதென்றால் தனி டப்பாவில் மட்டும். புட்டியில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் சாயம் இருக்கும். சதவீதமே போடாத புட்டியில் "நாலு சொட்டு" என்பதற்கு ஓர் அர்த்தமும் இல்லை.

ஐந்தாவது, ஆன்டிபயாடிக். உண்மையான, ஓடும் அழுகலுக்கு வேலை செய்யக்கூடிய ஆயுதம் இதுதான், தப்பாகப் பிடிக்கப்படுவதும் இதுதான். யூடியூப்காரர் கொட்டிய டெட்ராசைக்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே என்று டாக்டர் சொல்வார், ஏனென்றால் பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். நம் போர் தண்ணீரும் கால்சியம்தான். கடினத் தண்ணீரில் கொட்டிய கேப்சூலில் பெரும்பங்கு மீனிடம் போய்ச் சேர்வதே இல்லை. வெளிச்சம் பட்டுத் தண்ணீர் பழுப்பாவதுதான் மிச்சம். எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேறு வகைப் பாக்டீரியாவுக்கானது. வாலழுகல் பாக்டீரியாக்கள், செல்சுவர் அமைப்பை வைத்துப் பிரிக்கும் இரண்டு கூட்டங்களில் கிராம் நெகட்டிவ் கூட்டம் என்பதால் கானமைசின் போன்றவை பொருத்தம். இவையெல்லாம் மருத்துவர் சீட்டில் தர வேண்டிய மருந்துகள், முழு நாளும் முடிக்க வேண்டியவை, பாதியில் விட்டால் எதிர்ப்புச் சக்தி உள்ள பாக்டீரியாதான் மிஞ்சும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போவதே முறை. நல்ல பாக்டீரியாவுக்கும் அடி விழும் என்பதால் இதுவும் தனி டப்பாவில்தான்.

வீட்டு வைத்தியங்களை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். மஞ்சள்தூள் தண்ணீரில் கரைவதில்லை, கலங்கல்தான் மிச்சம். வேப்பிலை நமக்குக் கிருமிநாசினி, மீனுக்கு நஞ்சு. சரி, மனசு கேட்காமல் மஞ்சள் போட்டவர்கள் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

தனி டப்பாவா, இருக்கும் தொட்டியா என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. தண்ணீர் மாற்றுவதற்கும் இலைக்கும் மீனை இடம் மாற்றாதீர்கள். வலை போட்டுப் பிடிப்பதே கிழிந்த வாலை இன்னும் கிழிக்கும். ஓடிப் பழகிய தொட்டியின் தண்ணீர் புது டப்பாவின் தண்ணீரைவிட நிலையானது. உப்புக்குக்கூட, ஃபைட்டர் மட்டும் இருக்கும் செடியில்லாத தொட்டி என்றால் அங்கேயே போடலாம். நீலம், ஆன்டிபயாடிக், அல்லது கடிக்கும் துணை மீன் என்றால்தான் பிரிக்க வேண்டும். அப்போதும் வலை வேண்டாம், ஒரு கப்பால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். பத்து லிட்டர் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். ஃபைட்டர் மேலே வந்து காற்றை நேரடியாகவும் சுவாசிக்கும், அதனால் மூடியில் துளையும் தண்ணீருக்கு மேல் இடைவெளியும் இருக்கட்டும்.

முடிவெடுக்க வேண்டியவருக்கு என் கணக்கைச் சொல்கிறேன். நேரான கிழிசல், மீன் சாப்பிடுகிறது: தண்ணீர் மட்டும், இரண்டு வாரம். தானே கடித்தது: தண்ணீரும் இலையும், நீரோட்டத்தையும் குறையுங்கள். ஓரம் கறுத்திருக்கிறது, ஆனால் இரண்டு நாள் படத்தில் நகரவில்லை: தண்ணீரும் உப்பும். உப்பு போட்டு நான்கைந்து நாளாகியும் உள்ளே வருகிறது, மீன் சாப்பாட்டை விட்டுவிட்டது: ஆன்டிபயாடிக், தாமதமில்லாமல். ஒரே ஒரு நிலையில் இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். முதுகில் சேணம் போட்டது போலச் சாம்பல் வெள்ளைத் திட்டோ வாயோரம் பஞ்சோ தெரிந்தால் அது காலம்னாரிஸாக இருக்கலாம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பாக்டீரியா. சூடான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளிலேயே கொல்லும். அப்போது ஹீட்டரை ஏற்றினால் நோய்க்குத்தான் உதவி. வழிகளில் உப்பையும் இலையையும் சேர்ப்பதில் தவறில்லை. நீலத்தையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன்.

எந்த வழி எடுத்தாலும் கிழித்தது எது என்று தேடாவிட்டால் மாதம் ஒருமுறை இதே கட்டுரையைத் தேடி வர வேண்டியிருக்கும். பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை எடுத்துத் தொட்டியிலுள்ள செடி, கல், பொம்மை எல்லாவற்றின் மேலும் இழுத்துப் பாருங்கள். சாக்ஸ் எங்கே மாட்டுகிறதோ அங்கே வாலும் மாட்டும். என் தொட்டியில் சாக்ஸ் எங்கேயும் மாட்டவில்லை. குற்றவாளி ஃபில்டர். கடையில் சொன்னபடி வாங்கிய பவர் ஃபில்டரின் வேகத்தில் அந்தக் கனத்த வாலை இழுத்துக்கொண்டு நீந்த முடியாமல், பாரத்தைக் குறைக்கத் தானே கடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஸ்பான்ஜ் ஃபில்டர் மாற்றியதிலிருந்து கடிக்கவில்லை. ஏழாவது வாரத்தில் வால் முழுதாக வந்துவிட்டது. புதிதாக வந்த பகுதி மட்டும் பழைய நீலத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு, எங்கே கிழிந்தது என்று கோடு போட்டுக் காட்டுவது போல.